அம்மாவைக் கேட்கணும்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். "நைனா, அங்க வந்தா யாரு பாத்துப்பாங்க? நீ ஆம்பள, தனியா கீற. அத்தை இங்கயே பாத்துக்கறேன்றாங்க, வுடு" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை, என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாய். வைப்பதற்கு முன்னால் மட்டும் குரலை இறக்கி, "அம்மா இல்லாத ஊட்டுக்கு வந்து இன்னா பண்றது" என்றாய். அதற்குப் பதில் சொல்ல எனக்கு நாலு நாள் ஆகியிருக்கிறது. போனில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. சம்பள ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எதற்கும் பேனா எடுக்காதவன் இவ்வளவு பெரிய கடிதம் எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து படி. ஏழாம் மாதத்தில் காலைத் தொங்கவிட்டு வெகுநேரம் உட்காரக் கூடாது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.

என்ன புத்தகம் என்று நீ சிரிப்பாய். நீ உண்டாகியிருப்பதாகச் சொன்ன அன்றைக்கே பரண்மேல் இருந்த உன் அம்மாவின் தகரப் பெட்டியை இறக்கினேன். அதில் இருந்த நாலு பழைய புத்தகங்கள் உனக்குத் தெரியும். சின்ன வயசில் அதில் ஒன்றில் யானை வரைந்து அடிகூட வாங்கியிருக்கிறாய். ஒன்று சமையல், ஒன்று ஊறுகாய், வடகம். இன்னொன்று துணி வெட்டித் தைப்பது. நாலாவதுக்கு அட்டையும் கிடையாது, முதல் சில பக்கங்களும் கிடையாது. யார் எழுதியது, என்ன பேர், ஒன்றும் தெரியாது. வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வதில் ஆரம்பித்துப் பிள்ளை பெற்றவளுக்கு என்ன பத்தியம் கொடுப்பது என்பது வரை எல்லாம் அதில் இருக்கிறது. அந்த மொட்டைப் புத்தகத்தைத்தான் ஐந்து மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீ வளையல் போட்டுக்கொண்டு பிரசவத்துக்கு வரும்போது மணவாள நகரில் உனக்கு ஒரு தாய் வீடு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சொல்லாமல் கற்றுக்கொண்டு உன்னை அசத்த வேண்டும் என்றும் ஆசை. அறுபதை நெருங்கும் வயசில் இப்படி ஒரு ஆசை.

என் சமையல் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். காக்களூர் கம்பெனியில் கிட்டத்தட்ட முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் நின்றவன் நான். அளவு பார்க்கிற கேஜ் துளைக்குள் போகவில்லை என்றால் அந்தச் சாமானுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துத் தூக்கிப் போடுவேன், சூப்பர்வைசரே வந்து கெஞ்சினாலும் விடமாட்டேன். அப்படிப்பட்டவனிடம் இந்தப் புத்தகம் பழைய எடைக் கணக்கில் "ஒரு பலம்" என்கிறது, "வராகனெடை" என்கிறது, "பதமாக வந்ததும் இறக்கவும்" என்கிறது. பதம் என்றால் எத்தனை டிகிரி என்று போடவில்லை. முதல் மாதம் வைத்த ரசத்தைத் தெரு நாய் மோந்து பார்த்துவிட்டு என்னையும் பார்த்துவிட்டுப் போனது. தூளி கட்டக் கற்றுக்கொண்டு, இரண்டு தேங்காயை உள்ளே போட்டு ஆட்டிப் பார்த்தேன். நாலாவது ஆட்டத்தில் முடிச்சு அவிழ்ந்து ஒரு தேங்காய் உடைந்தது. அன்றைக்குச் சட்னி. இப்போது கட்டினால் நூறு ஆட்டம் தாங்குகிறது, தினமும் எண்ணிப் பார்க்கிறேன். பழைய வேட்டிகளைக் கிழித்து ஓரம் மடித்துத் தைத்து, கொதிக்கவைத்துக் காயப்போட்டு, இருபத்திநாலு துணி அடுக்கிவைத்திருக்கிறேன். பத்தியக் குழம்பு வருகிறது. பூண்டு, சுண்டைக்காய் வற்றல் எல்லாம் பழகிவிட்டது.

நீ வர வேண்டும், பாப்பா. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் நீ வருவதா வேண்டாமா என்று முடிவு பண்ணுவதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. தெரியாமல் நீ என் கையால் ஒரு வாய் சாப்பிட்டாலும் அது எனக்கு ஜீரணமாகாது. உன் அம்மாவிடம் அவள் போகும்வரை இருபத்தைந்து வருஷம் மறைத்ததை உன்னிடம் சொல்லப்போகிறேன்.

உன் அம்மா ஏன் புத்தகம் பார்த்து வீடு நடத்தினாள் என்று நீ யோசித்ததுண்டா? தெருவில் இருந்த மற்ற பெண்களெல்லாம் அம்மா வீட்டுக்குப் போய்க் கேட்டுவந்ததைச் செய்தார்கள். உன் அம்மாவுக்குப் போய்க் கேட்க இடமில்லை. ஊத்துக்கோட்டை ரோட்டில், சொந்த நிலத்தில் நெல் பயிர் பண்ணுகிற குடும்பம் அவளுடையது. நான் பழவேற்காட்டில் ஏரியில் வலை போடுகிற வீட்டுப் பையன். அவள் காக்களூரில் பேக்கிங் வேலைக்கு வந்தாள், நான் அப்போதுதான் ஹெல்ப்பராகச் சேர்ந்திருந்தேன். ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கொண்டு அவள் ஊருக்குப் போய் வாசலில் நின்றபோது, அவள் அப்பா எங்களை உள்ளே விடவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, "மீன் நாத்தம் புடிச்ச ஊட்டுக்குப் போனவ எம் பொண்ணு இல்ல. இந்த ஊட்ல கோமதின்னு யாரும் கெடையாது, போ" என்றார். என்னைப் பார்த்துப் பேசவே இல்லை, என் செருப்பைப் பார்த்துப் பேசினார். அவள் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தது தெரிந்தது. உன் அம்மா பஸ்ஸில் வரும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான்தான் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

நீ வயிற்றில் வந்த பிறகு அவள் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியவைதான் அந்த நாலு புத்தகங்களும். கடைக்காரர் சாக்கிலிருந்து கொட்டுவார், இவள் தரையில் உட்கார்ந்து பொறுக்குவாள். மொட்டைப் புத்தகம் கிடைத்த அன்றைக்கு, வாயெல்லாம் பல்லாக வந்தாள். "யோவ், இதுல எல்லாம் கீதுயா. கொழந்தய குளிப்பாட்றதுலேர்ந்து காது குத்தறது வரைக்கும் போட்டுக்கீறாங்க. எனக்கு இனிமே யாரும் வேணாம்" என்றாள். எனக்கும் பெருமையாக இருந்தது. என் பெண்டாட்டி யாரையும் அண்டி இருக்கவில்லை, புத்தகம் பார்த்தே எல்லாம் செய்கிறாள் என்று ஷிஃப்டில் பீற்றிக்கொள்வேன். அந்தப் புத்தகங்களில் மீன் மட்டும் கிடையாது. எழுதினவர் வீட்டில் மீன் தின்ன மாட்டார்கள் போலிருக்கிறது. மீன் ஆய்வதை மட்டும் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். முதல் தடவை மடவை மீனைத் தொட்டுவிட்டு, "இது என்னையே பாக்குதுயா" என்று கையை உதறிக்கொண்டு ஓடினாள்.

உன்னை முதல்முதலாகக் குளிப்பாட்டியது எப்படி என்று சொன்னால் நம்ப மாட்டாய். அவள் முற்றத்தில் மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, உன்னைக் கால்மேல் போட்டுக்கொண்டாள். நான் எதிரில் குந்தி உட்கார்ந்து புத்தகத்தை வாசித்தேன். தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கணும், தலைக்கு ஊற்றும்போது கையை நெற்றியில் எப்படி அணைத்துப் பிடிக்கணும், எல்லாம் வரிசையாக. நான் வேகமாக வாசித்தால் "இரு இரு, நெத்திக்கு வரலயா இன்னும்" என்று கத்துவாள். நீ வீரிட்டு அழுவாய். பக்கத்தில் குடியிருந்தவர்கள் வேலியோரம் நின்று சிரிப்பார்கள். புத்தகத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் பட்டு உப்பி, இன்னும் அப்படியே அலை அலையாக இருக்கிறது. எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. அவளைப் பெற்றவள் பக்கத்தில் இருந்திருந்தால் இந்த வேடிக்கைக்கே இடமில்லை என்று அப்போதும் எனக்குத் தெரியும்.

ஏன் தெரியும் என்றால், அவள் வந்தாள் பாப்பா. உன் அம்மாவின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

உன் அம்மாவுக்கு அப்போது எட்டு மாதம். அன்றைக்கு எனக்கு இரண்டாம் ஷிஃப்ட். உன் அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போயிருந்தாள். நான் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப இருந்த நேரத்தில் வாசலில் யாரோ நிற்கிறமாதிரி இருந்தது. வெயிலில் வந்து முகமெல்லாம் கருத்து, புடவைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு நின்றாள். வீட்டில் யாருக்கும் தெரியாமல், யாரிடமோ விலாசம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். "கோமதி கீறாளா தம்பி?" என்று கேட்டாள். எனக்கு அந்த ஊர் வாசல் ஞாபகம் வந்தது. அவர் என் செருப்பைப் பார்த்தது ஞாபகம் வந்தது. "இந்த ஊட்ல உங்க பொண்ணு யாரும் கெடையாது. உங்க ஊட்டுக்காரரே சொன்னாருல்ல, போங்க" என்றேன். அதே வார்த்தையைத் திருப்பிக் கொடுத்தேன். மனசில் வைத்துக்கொண்டு திரிந்தவன், சமயம் கிடைத்ததும் ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். அந்த அம்மா பையை வாசப்படியில் வைத்தாள். "நான் வந்தேன்னுகூட சொல்ல வேணாம் தம்பி. இத மட்டும் அவகிட்ட குடுத்துடு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை.

பையில் வெளுத்துத் துவைத்து மடித்த பழைய நூல் புடவை இரண்டு இருந்தது. கயிற்றில் கோத்த வசம்பு இருந்தது. ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய பிரசவ மருந்து இருந்தது. மருந்து என்றால் உனக்குத் தெரியுமோ என்னவோ, சுக்கு மிளகு திப்பிலி எல்லாம் வறுத்து இடித்து, வெல்லப் பாகில் போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கிளறி லேகியமாக எடுப்பது. பிள்ளை பெற்றவள் தினம் காலையில் ஒரு உருண்டை சாப்பிடணும். அது பெற்றவள் செய்து கொடுக்க வேண்டியது. டப்பாவின் மூடியில் புள்ளி புள்ளியாக "கோமதி" என்று பேர் வெட்டியிருந்தது. பெண் பிறந்ததிலிருந்து அவளுக்கென்று பாத்திரம் வாங்கிப் பேர் வெட்டி வைத்திருக்கிறாள் அந்த அம்மா.

உன் அம்மா வருவதற்குள் அந்தப் பையை நான் கம்பெனிக்கு எடுத்துப் போய் லாக்கரில் வைத்துப் பூட்டினேன். நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. கோபம் ஆறட்டும், ரெண்டு நாளில் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ரெண்டு நாள் கழித்துக் கொடுத்தால் ஏன் ரெண்டு நாள் வைத்திருந்தாய் என்று கேட்பாளே என்று இருந்தது. ஒரு வாரம் ஆனதும் ஏன் ஒரு வாரம் என்று ஆனது. லாக்கரைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாசனை முகத்தில் அடிக்கும். என் சட்டையில்கூட ஏறிக்கொண்டது.

அதே மாதத்தில்தான் உன் அம்மா, செய்து கொடுக்க ஆளில்லையே என்று, அந்த வயிற்றோடு உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துத் தானே மருந்து இடித்தாள். நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் பலத்துக்கும் வராகனெடைக்கும் அளவு கேட்டுவந்தாள். மூச்சு வாங்க வாங்க இடித்துச் சலித்துக் கிளறினாள். நான் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஒரு சின்ன உருண்டையைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். "மோந்து பாருய்யா, சரியா வந்துகீதா? எங்கம்மா செஞ்சா வேற மாரி வாசன வரும். இன்னா போடுவாங்கன்னே தெரியல" என்றாள். சரியான வாசனை எது என்று அந்த வீட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். என் சட்டையிலேயே அது இருந்தது. மோந்து பார்த்தேன். அது இல்லை. ஏதோ ஒன்று குறைகிறது என்று நன்றாகத் தெரிந்தது. "சரியாத்தான் கீது" என்றேன். ஒரு நூல் பிசகினாலும் சிவப்புப் பெயிண்ட் அடிக்கிறவன், அன்றைக்குப் பச்சை அடித்து அனுப்பினேன்.

அந்த மருந்தைத்தான் அவள் உன்னைப் பெற்ற பிறகு சாப்பிட்டாள். பிறகு வாழ்நாள் பூராவும் அவளுக்கு இடுப்பு வலி. டாக்டர்கள் அதற்கு வேறு காரணம் சொன்னார்கள், அதுதான் நிஜமாக இருக்கும். ஆனால் குனிந்து நிமிரும்போதெல்லாம் "எங்கம்மா மருந்து சாப்ட்டிருந்தா இப்டி ஆயிருக்காது" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். உனக்கும் அது காதில் விழுந்திருக்கும். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். என் முன்கோபத்தைச் சகித்துக்கொண்டவள், அதையும் என் கோபம் என்றே நினைத்துக்கொண்டாள்.

லாக்கரில் இருந்த மருந்தில் பூஞ்சை வந்துவிட்டது. ஒரு நாள் அதையும் வசம்பையும் புடவைகளையும் ஸ்கிராப் போடும் இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன். டப்பாவை மட்டும் கொட்டக் கை வரவில்லை. பேர் இருக்கிறதே, வீட்டுக்கும் கொண்டுவர முடியாது. கழுவித் துடைத்து அதில் என் கேஜ்களைப் போட்டு வைத்துக்கொண்டேன். கூட வேலை செய்தவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். "இன்னாபா, பொண்டாட்டி பேர் போட்ட டப்பாவ உட்டுப் பிரியவே மாட்டேன்ற, இவ்ளோ லவ்வா?" என்பார்கள். புதிதாகச் சேருகிற பையன்களுக்கெல்லாம் என்னைக் காட்டி, பார் இவர் பெண்டாட்டி மேல் எவ்வளவு உயிர் என்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன். எத்தனையோ வருஷம் அப்படி நல்ல பேர் வாங்கினேன்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. ரெண்டு வருஷம் முன்னால் உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரம். நீ டிபன் வாங்க வெளியே போயிருந்தாய். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "எங்கம்மா ஒரு தபா வந்திருக்கலாம்ல. அப்பா சொன்னா சொல்லிட்டுப் போறாரு, பெத்தவ வந்திருக்கலாம்ல. நான் எட்டு மாசத்துல டெய்லி வாசல பாத்துக்கினே இருந்தேன்" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வந்தாடி, நான்தான் துரத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். என்னைக் காறித் துப்பிவிட்டாவது நிம்மதியாகப் போயிருப்பாள். என்னை வெறுத்துவிடுவாளோ என்ற பயம். போகிற உயிருக்குக் கொடுக்க வேண்டியதைவிட என் பேர் எனக்குப் பெரிதாக இருந்தது. அவள் கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ இட்லியோடு வந்துவிட்டாய்.

இவ்வளவும் என்னோடு செத்துப் போயிருக்கும், அந்த மொட்டைப் புத்தகம் மட்டும் இல்லையென்றால். உனக்கு மருந்து கிளறலாம் என்று போன மாதம் அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். வஸ்திரகாயம் என்று போட்டிருந்தது, எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் பென்சிலால் "மெல்லிசு துணியில் சலிக்கணும்" என்று உன் அம்மாவின் கையெழுத்து இருந்தது. அவள் சொல்லிக்கொடுக்க, நான் செய்கிறேன் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. பக்கத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது. "இதில் ஏதோ குறைகிறது. அம்மாவைக் கேட்கணும்." பிறகு மற்றப் பக்கங்களையும் புரட்டினேன். காது குத்தும் பக்கத்தில், எந்த மாதம் என்பதற்கு நேராக, அம்மாவைக் கேட்கணும். எண்ணெய் காய்ச்சும் இடத்தில், அம்மாவைக் கேட்கணும். நீ வயசுக்கு வந்த சமயத்தில் எழுதியிருப்பாள் போல, உளுந்தங்களிக்குப் பக்கத்தில் நீல மையில் அதே வார்த்தை. இனிமேல் யாரும் வேண்டாம் என்று சொன்னவள், வருஷக்கணக்காக அந்தக் கேள்விகளைச் சேர்த்து வைத்திருக்கிறாள். அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு, அன்றைக்கு நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

மறுநாள் திருவள்ளூரில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். குறைந்தது எது என்று எனக்குப் பேர் தெரியாது, வாசனைதான் தெரியும். கடைக்காரரிடம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொல்லி மோந்து பார்த்தேன். "இன்னா பெரியவரே, வாங்க வந்தீங்களா மோந்து பாக்க வந்தீங்களா" என்று அவர் சலித்துக்கொண்டார். சித்தரத்தையை முகர்ந்ததும் எனக்கு லாக்கர் கதவைத் திறந்தமாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து, மூன்று தடவை பாகு தீய்த்து, நாலாவது தடவை இறக்கினேன். வீடு முழுக்க அதே வாசனை. இருபத்தேழு வருஷத்துக்கு முந்தின வாசனை. நான் சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன் பாப்பா. அவள் செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

அந்த அம்மா உயிரோடு இருந்தால் காலில் விழுந்துவிடலாம் என்று அந்த ஊருக்குப் போனேன். உன் மாமா வயலுக்குப் போயிருந்தார். அவர் சம்சாரம்தான் இருந்தது. யாரென்று சொன்னதும், "கோமதி அண்ணி ஊட்டுக்காரரா? வெளிய நிக்கறீங்களே, உள்ள வாங்கண்ணா" என்று கூப்பிட்டு, நான் கேட்காமலே மோர் கொடுத்தது. நான் அந்த அம்மாவைக் கேட்காத தண்ணீர் நினைவுக்கு வந்தது. அந்த அம்மா போய் ஆறு வருஷம் ஆகிவிட்டதாம். "அத்த சாவறவரைக்கும் ஒண்ணயேதான் சொல்லிக்கினே இருந்தாங்கண்ணா. எம் மருமவன் கோவக்காரரு, ஆனா பைய திருப்பிக் குடுக்கல, வாங்கி வெச்சிக்கினாரு. எம் மருந்த சாப்ட்டு எம் பொண்ணு எழுந்து நடந்திருப்பான்னு சொல்வாங்க. அண்ணி சாப்ட்டாங்களா? புடிச்சிதா அவங்களுக்கு?" என்று கேட்டது. அங்கே சொல்வதற்காகத்தான் போனேன். வாயைத் திறந்தேன். "சாப்ட்டாம்மா, புடிச்சிது" என்று வந்தது.

பஸ்ஸில் வரும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பெற்றவள், பெண் சாப்பிட்டிருப்பாள் என்று நம்பிக்கொண்டு போனாள். பெண், அம்மா வரவே இல்லை என்று நம்பிக்கொண்டு போனாள். நடுவில் நான் ஒருவன் டப்பாவில் கேஜ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி இந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஆள் மிச்சமில்லை, நீ ஒருத்திதான் மிச்சம். உன்னிடமும் சொன்னால் நான் மனுஷனே இல்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் அப்பன் என்பதால் ரெண்டு வார்த்தை. உன் மாமியாரிடம் தெரியாததைக் கூச்சப்படாமல் கேள். கேட்க ஆள் இருக்கும்போது பென்சிலால் எழுதிவைக்காதே. குழந்தையைக் குளிப்பாட்டும்போது மாப்பிள்ளையை எதிரில் உட்கார வை, கண்ணில் சோப்பு போனால் போகட்டும். அவரும் தேர்வாய் கண்டிகைக் கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு அலுப்பாக வருவார், கோபம் வரும். கோபத்தில் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் உனக்கென்று யாராவது வாசலில் கொண்டுவந்ததை அவரோ, அவருக்கென்று வந்ததை நீயோ மறைத்துவைக்காதீர்கள். அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ரெண்டாவது நாள் கை நீளாது.

இந்தக் கடிதம் கிடைத்தபிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊத்துக்கோட்டையில் பஸ் மாறி நான் கும்மிடிப்பூண்டிக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். கையில் ஒரு பை இருக்கும். அதில் உன் அம்மாவின் பழைய நூல் புடவைகள், துவைத்து மடித்தது இருக்கும். வசம்பு இருக்கும். அந்த எவர்சில்வர் டப்பா நிறைய மருந்து இருக்கும். கேஜ் உரசி உள்ளே கீறல் விழுந்திருக்கிறது, புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மூடியில் பேர் மட்டும் அப்படியே இருக்கிறது.

என்னை உள்ளே கூப்பிடவேண்டும் என்று இல்லை. உன் அம்மாவுக்காக உனக்கு என் மேல் கோபம் வந்தால் அது நியாயம்தான். வாசலிலேயே நின்று, போ என்று சொல், போய்விடுகிறேன். பிரசவத்துக்கு இந்த வீட்டுக்கு வருவதைப் பற்றி உன் பதிலை எப்போது வேண்டுமானாலும் சொல். தூளிக் கயிற்றை நான் அவிழ்க்கப்போவதில்லை. ஆனால் பையைத் திருப்பிக் கொடுத்துவிடாதே பாப்பா. அது நான் கொண்டுவருவது இல்லை. உன் அம்மாவின் அம்மா, நான் வந்தேன் என்றுகூடச் சொல்ல வேண்டாம் என்று கொடுத்துவிட்டுப் போனது. மருந்தை நீ சாப்பிடு. அவள் வந்தாள் என்று நான் சொல்லிவிட்டேன்.

உன் நைனா